சிறுவர் வளர்ச்சியும் எட்டாம் வகுப்பு எல்லையும்

எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுவர் சிறுமியரை உயர வரிசையில் நிறுத்திப் பார்க்கும் ஆசிரியர் ஒன்றை எளிதிற் காண்பர். வரிசையின் உயர்ந்த கோடியில் சிறுமியர் பலர் நிற்பர். சிறுவருள் சிலர் மீசை அரும்பி இளைஞராகத் தோன்ற, அதே வயதினரான வேறு சிலர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் போலவே இருப்பர். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாணவரை மீண்டும் நிறுத்தினால் வரிசை பெரிதும் மாறியிருக்கும். இடைப்பட்ட அக்காலத்தில் சிறுவனின் உடல் வளரும் விரைவு, குழந்தைப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளுக்குப் பின் அவன் வாழ்நாளில் வேறெக்காலத்தும் காணப்படாதது. நாடு முழுவதற்குமான பள்ளி உணவுத் திட்டமோ அக்காலத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு என்னும் அவ்வெல்லை கல்விச் சட்டத்திற்குப் பொருந்துவதாக இருக்கலாம்; வளரும் உடலுக்கு அது பொருந்துவதன்று. அதனைப் பத்தாம் வகுப்பு வரையேனும் நீட்டுதல் வேண்டும் என்பதற்கான காரணங்களை உடலியலிலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

வளர்ச்சியின் ஒழுங்கு

சிறுவனின் பருவ மாற்றம் மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, குழந்தைப் பருவம் முழுவதும் பெரும்பாலும் அடங்கியிருந்து, பின்னர் விட்டுவிட்டு எழும் தூண்டுதல்களாக ஒரு ஹார்மோனை வெளியிடத் தொடங்குகிறது. முதலில் இத்தூண்டுதல்கள் இரவு உறக்கத்தின்போதே எழுகின்றன. அவற்றின் விளைவாகப் பிட்யூட்டரிச் சுரப்பி விழிப்புற்று, விரைகளை இயக்குகிறது. விரைகள் வளர்ந்து டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோனைச் சுரக்கின்றன. 1935இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்த ஹார்மோனே குரல் தடித்தல், தசை திரளுதல், முகத்தில் மயிர் அரும்புதல் ஆகியவற்றிற்குக் காரணமாகும். இதனுடன் வளர்ச்சி ஹார்மோனும் கூடுதலாகச் சுரப்பதால் எலும்புகள் நீள்கின்றன.

இம்மாற்றங்களுக்கு ஓர் ஒழுங்குண்டு. விரைகள் பருத்தலே முதல் அறிகுறி; ஏறத்தாழப் பதினொன்றரை வயதில் அது தொடங்குவது இயல்பு. ஆயினும் 9 வயதிற்கும் 14 வயதிற்கும் இடையில் எப்போது தொடங்கினும் அது இயல்பின் எல்லைக்குள் அடங்கியதே. உயரத்தின் பெரும்பாய்ச்சல் உடனே வருவதில்லை. பெண் குழந்தைகளுக்கு அது பருவத்தின் தொடக்கத்திலேயே நிகழ, ஆண் குழந்தைகளுக்குத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே நிகழ்கிறது. அதுவரை ஆண்டுக்கு 5 செ.மீ. அளவில் வளர்ந்தவன், பதின்மூன்றரை வயதை ஒட்டிய ஓராண்டில் 9 அல்லது 10 செ.மீ. வளர்கிறான். பருவகாலம் முழுவதிலும் அவன் பெறும் உயரம் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. ஆகும். முதிர்ந்த எலும்பிற் சேரும் கனிமங்களிற் கால்பங்கிற்கு மேற்பட்டது, இவ்வுச்ச வளர்ச்சியைச் சூழ்ந்த இரண்டே ஆண்டுகளிற் சேர்கிறது.

1994இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இவ்வளர்ச்சி எவ்வாறு முடிவுறுகிறது என்பதைத் தெளிவாக்கிற்று. அதில் விவரிக்கப்பட்ட 28 வயது ஆடவரின் உயரம் 204 செ.மீ.; அவர் அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் அவருக்குக் குறைவில்லை. அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜனை ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் மட்டுமே அவருடைய உடலுக்கு இல்லை. ஆண்மக்களிடத்தும் எலும்பின் வளர்முனைகளை மூடச் செய்வது ஈஸ்ட்ரோஜனே என்பது இதனால் உறுதியாயிற்று. மருத்துவர் அறியாமல் ஆண்மை ஊசிகளையும் மாத்திரைகளையும் பயன்படுத்தும் சிறுவன், உடல் திரள்வதைக் கண்டு மகிழும் வேளையிலேயே தன் வளர்முனைகளை முன்கூட்டி மூடிவிடக்கூடும். உடற்பயிற்சிக் கூடங்களை நாடும் மாணவர்க்கு ஆசிரியர் இதை விளக்கிக் கூறுதல் தகும்.

வளர்ச்சியை மாற்றும் காரணங்கள்

பருவம் முந்துவதற்கும் பிந்துவதற்கும் பரம்பரையே முதற்காரணம். காலந்தாழ்த்து வளரும் சிறுவனின் தந்தையோ மாமனோ அவ்வாறே வளர்ந்தவர் என்பது பல குடும்பங்களில் விசாரித்தால் தெரியவரும். இத்தகைய சிறுவர் நோயாளிகள் அல்லர். பின்னர் வளர்ந்து பிறரைப் போலவே நிறைவடைவர்.

ஆயினும் பரம்பரை வகுத்த காலத்தை வறுமை மாற்றிவிடுகிறது. இதற்கு ஒரு பழைய சான்று ஜெர்மனியில் உண்டு. லைப்சிக் நகரில் இசைமேதை பாஹ் நடத்திவந்த தேவாலயப் பாடற்குழுவின் 1727 முதல் 1749 வரையிலான ஏடுகளைக் கொண்டு, அச்சிறுவர்களின் குரல் உடைந்த வயதை ஆராய்ந்து 1970இல் வெளியிட்டனர். அக்காலச் சிறுவர்க்கு 16, 17 வயதிலேயே குரல் மாறியது. ஆஸ்திரிய அரசுரிமைப் போர் நடந்த ஆண்டுகளில் அது மேலும் பிந்தியது. அண்மைக் காலத்தில் இம்மாற்றம் எதிர்த்திசையிலும் செல்வதுண்டு. கோபன்ஹேகனில் 1991–93இல் 11.92 ஆக இருந்த பருவத் தொடக்கத்தின் சராசரி வயது, 2006–08இல் 11.66 ஆகக் குறைந்தது.

இந்நாட்டிலேயே செய்யப்பட்ட ஆராய்ச்சியும் உண்டு. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சுற்றுப்புறக் கிராமச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, 1980இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்து வயதிலேயே மிகவும் குட்டையாக இருந்த சிறுவர்க்குப் பருவப் பாய்ச்சல் பிந்தி வந்தது. அதன் விரைவும் குறைவாக இருந்தது. ஆனால் வளர்ச்சி நெடுங்காலம் நீடித்தது. குழந்தைப் பருவத்தில் இழந்த உயரத்தை அவர்கள் பின்னர் ஈடுசெய்யவில்லை. இதிலிருந்து கள ஊழியர் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஏழைக் குடும்பத்துச் சிறுவனுக்கு வளர்ச்சியின் உச்சம் எட்டாம் வகுப்பில் வருவதில்லை. ஒன்பதிலோ பத்திலோதான் வருகிறது.

எந்தச் சத்தின் குறைவு இத்தாமதத்தை உண்டாக்குகிறது என்னும் வினாவிற்குப் புதிய விடை ஒன்றைத் தந்தவர், பீகாரிற் பிறந்து பாட்னாவில் மருத்துவம் பயின்ற ஆனந்த பிரசாத் ஆவார். ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் அவர் பணியாற்றியபோது 21 வயது நோயாளி ஒருவரைக் கண்டார். தோற்றத்தில் அவர் பத்து வயதுச் சிறுவனாகவே இருந்தார். பருவ மாற்றம் சிறிதும் இல்லை. கடுமையான இரத்தசோகையும் இருந்தது. புளிக்கவைக்காத கோதுமை ரொட்டியே அவருடைய முக்கிய உணவு, இறைச்சி இல்லை, மண் தின்னும் வழக்கமும் உண்டு. அத்தகைய நோயாளர் பதினொருவரைப் பற்றிய கட்டுரை 1961இல் வெளியாயிற்று. பின்னர் எகிப்தில் நடத்திய ஆராய்ச்சிகளில், இவ்வகை இளைஞரிடம் துத்தநாகச் சத்துக் குறைந்திருத்தலும், அதனைக் கொடுத்தபின் உயரமும் பருவ மாற்றமும் விரைந்து வருதலும் மெய்ப்பிக்கப்பட்டன. மனித உடலுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதை அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் 1974இல் ஏற்றுக்கொண்டது. தானியத் தவிட்டிலும் பருப்பிலுமுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு, குடல் அவற்றை ஈர்க்கவொட்டாமல் தடுக்கிறது. பயறை முளைகட்டுவதாலும் மாவைப் புளிக்கவைப்பதாலும் இத்தடை குறைகிறது.

நோய்களும் வளர்ச்சியைத் தாழ்த்தும். காசநோய், நீடித்த வயிற்றுப்போக்கு, சிறுநீரக நோய், தாலசீமியா ஆகியவற்றால் துன்புறும் சிறுவரிடம் இதைக் காணலாம். பழங்குடி மக்கள் வாழும் வட்டாரங்களில் அரிவாளணு இரத்தசோகையும் இவ்வரிசையிற் சேர வேண்டும். போதிய உணவின்றிக் கடும் உழைப்பில் ஈடுபடுதலும் அத்தகையதே. அளவான விளையாட்டால் உயரம் குறையும் என்னும் எண்ணத்திற்கு ஆதாரமில்லை.

சிறுவனுக்கு நாள் இல்லை

பெண் குழந்தையின் பருவ வளர்ச்சிக்கு ஒரு நாள் உண்டு. முதல் மாதவிலக்கு வந்த நாளைக் குடும்பம் நினைவிற் கொள்கிறது. தமிழ்நாட்டில் மஞ்சள் நீராட்டாகவும், அஸ்ஸாமில் துலோனி பியாவாகவும் அந்நாள் கொண்டாடப்படுகிறது. பதினைந்து வயதாகியும் அந்நாள் வராவிடின் தாய் கவலையுற்று மருத்துவரை நாடுவாள். சிறுவனுக்கோ அத்தகைய நாள் எதுவுமில்லை. அவனுடைய முதல் அறிகுறியை அவனன்றி எவரும் அறியார். அவனும் நாணத்தால் எவரிடமும் கூறான். தாமதம் நேர்ந்தால், மூன்று நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரே பிறர் கண்ணுக்குப் புலப்படும்.

இந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொள்வோர் பலர். உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் பருவ வளர்ச்சியின் இயல்பான நிகழ்ச்சி. அதனால் உடல் மெலியும், நினைவாற்றல் குன்றும் என்று அச்சுறுத்தி மருந்து விற்பவர் ஊர்தோறும் உள்ளனர். ஏறத்தாழப் பாதிச் சிறுவர்க்கு மார்பில் சிறு கட்டி போன்ற வீக்கம் தோன்றிப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே மறைகிறது. இதனைப் பெண்தன்மை என்று அஞ்சிச் சட்டையைக் கழற்ற மறுக்கும் சிறுவன் விளையாட்டையே விட்டுவிடுகிறான். பாலுக்கும் முட்டைக்கும் செலவாக வேண்டிய பணம் போலி மருந்துக்குச் செல்வதைத் தடுக்க, வகுப்பறையில் ஆசிரியர் கூறும் சில தெளிவான சொற்கள் போதும்.

எல்லை எங்கே வகுக்கப்பட்டது?

தேசியப் பள்ளி உணவுத் திட்டம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடக்கப் பள்ளிகளுக்கெனத் தொடங்கப் பெற்றது. 2008–09இல் அது எட்டாம் வகுப்பு வரை நாடெங்கும் விரிந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அதே எல்லையைக் கொண்டது. 2021இல் திட்டம் புதுப் பெயருடன் புதுப்பிக்கப்பட்டபோது, கீழ் எல்லை முன்பருவ வகுப்பு வரை இறக்கப்பட்டது. மேல் எல்லை மட்டும் அசையவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளை இவ்வெல்லையின் அருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 10–12 வயதுச் சிறுவனுக்கு நாளொன்றுக்கு 2,220 கலோரி தேவை. 13–15 வயதில் அது 2,860 ஆகவும், 16–18 வயதில் 3,320 ஆகவும் உயர்கிறது. புரதத்தின் தேவை அதே வரிசையில் ஏறத்தாழ 32, 45, 55 கிராமாக ஏறுகிறது. மேல்நிலைத் தொடக்க வகுப்பு மாணவனுக்குப் பள்ளி உணவு அளிக்க வேண்டியது 700 கலோரியும் 20 கிராம் புரதமும் ஆகும். தேவையின் ஏற்றம் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே இந்த 700 கலோரி நீங்கிவிடுகிறது. அதனை ஈடுசெய்யும் வசதி இல்லாத வீட்டிலிருந்து வருபவனுக்கே பாய்ச்சலும் பிந்தி வருகிறது. உதவி நின்றபின் தேவை உச்சத்தை அடைகிறது.

இரும்புச் சத்தின் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தசையும் இரத்தமும் பெருகும் காலத்தில் சிறுவனுக்கு இரும்பு மிகுதியாக வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15–19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59.1 பேரும், அதே வயது ஆண்களில் 31.1 பேரும் இரத்தசோகை உடையவர்கள். பெண்களின் நிலை பெரிதும் கவலைக்குரியது என்பதில் ஐயமில்லை. எனினும் மூவரில் ஒருவர் என்னும் ஆண்களின் கணக்கும் சிறியதன்று. வாரந்தோறும் வழங்கப்படும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள இருபாலார்க்கும் உரியது. அது பெண்களுக்கான மாத்திரை என்று சிறுவர் எண்ணி ஒதுக்குவதும், ஆசிரியர் வற்புறுத்தாது விடுவதும் சரியன்று. பள்ளியை விட்டு நின்ற பெண்களுக்கு அங்கன்வாடி வழியாக மாத்திரை கிடைக்க வழியுண்டு. நின்றுவிட்ட சிறுவனுக்கு அவ்வழியும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு வேலைக்குச் செல்பவன் உணவையும் மாத்திரையையும் ஒருங்கே இழக்கிறான்.

மறுப்புகளும் விடைகளும்

உயரம் பெரும்பாலும் குழந்தையின் முதல் ஆண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது. பதினான்கு வயதில் உணவளித்துப் பயனென்ன என்று கேட்பவர் உண்டு. ஹைதராபாத் ஆராய்ச்சியையே அவர்கள் சான்றாகக் காட்டக்கூடும். முதல் ஆண்டுகளின் இழப்பைப் பருவகாலம் முழுதும் மீட்டுத் தராது என்பது மெய்யே. ஆயினும் பருவகாலத்திற்கெனவே உரிய வளர்ச்சி ஒன்றுண்டு. எலும்பின் உறுதியும், தசையின் திரட்சியும், இரத்தத்தின் செறிவும் அக்காலத்தில் அமைபவை. முன்னர் இழந்தவனுக்குப் பின்னர் வரவேண்டியதையும் மறுப்பதற்கு முதல் இழப்புக் காரணமாகாது.

பெண்களின் தேவை மிகுதியாக இருக்க ஆண்களுக்குச் செலவிடலாமா என்பது மற்றொரு கேள்வி. பள்ளி உணவை நீட்டினால் இருபாலாரும் ஒரே பந்தியில் உண்பர். பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் அவ்வுணவு வேண்டியதே. ஒருவர் பங்கைக் குறைத்து மற்றவர்க்கு அளிக்க வேண்டிய நிலை இங்கு எழவில்லை.

செலவு மிகும் என்பதே வலிமையான மறுப்பு. சமைப்பவர், சமையற்கூடம், தானியம் யாவும் கூடுதலாக வேண்டும். ஆனால் தமிழ்நாடும் கர்நாடகமும் பத்தாம் வகுப்பு வரை உணவு வழங்கி, இது இயலும் என்பதைக் காட்டியுள்ளன. எல்லாப் பள்ளிகளிலும் ஒருங்கே தொடங்க இயலாவிடின், வறட்சி வட்டாரங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் முதலில் தொடங்கலாம்.

இன்றே செய்யக்கூடியவை

எல்லையை மாற்றுவது அரசின் பணி. அதற்குக் காலம் ஆகும். அதுவரை ஆசிரியரும் கள ஊழியரும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு சுவரும் ஓர் அளவு நாடாவும் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவனின் உயரத்தையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளந்து குறித்தல் வேண்டும். காலணியைக் கழற்றி, குதிகால் சுவரைத் தொட, பார்வை நேராக நிற்கச் செய்து, ஒவ்வொரு முறையும் காலை வேளையிலேயே அளத்தல் நன்று. ஏனெனில் மாலைக்குள் உயரம் ஏறத்தாழ ஒரு செ.மீ. வரை குறைவதுண்டு. ஓர் அளவு மட்டும் இருந்தால் பிறரோடு ஒப்பிட்டுக் குட்டை, நெட்டை என்று கூறலாம். இரண்டு அளவுகள் இருந்தால் அவன் வளர்கிறானா என்பது தெரியும். ஆசிரியர்க்கு வேண்டியது பின்னதே.

ஓராண்டில் 4 செ.மீ. கூட வளராத சிறுவனையும், 14 வயது நிறைந்தும் பருவக் குறி எதுவும் தோன்றாதவனையும், 9 வயதிற்கு முன்னரே அக்குறிகள் தோன்றியவனையும் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். தாமதத்துடன் மணம் அறியும் ஆற்றலும் இல்லாதவனை விரைந்து அனுப்ப வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து வரும் பிறவிக் குறை ஒன்றுண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. உடலைச் சோதிப்பது மருத்துவரின் வேலை. பள்ளியில் எவரும் அதைச் செய்தலாகாது. அரசுப் பள்ளிகளுக்கு வந்து பதினெட்டு வயது வரையுள்ளோரைச் சோதிக்கும் தேசியக் குழந்தை நலத் திட்ட மருத்துவக் குழுவினரிடம் இக்குறிப்பேட்டைக் காட்டினால், அவர்கள் சில மணி நேரத்தில் அறிய இயலாததை அது ஒரு பக்கத்தில் தெரிவிக்கும்.

விளையாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் மற்றொன்றையும் கருத வேண்டும். பதினான்கு வயதில் ஓட்டத்திலும் எறிதலிலும் முந்துபவன் பெரும்பாலும் பருவத்தில் முந்தியவனே. பிந்தி வளர்பவனை அவ்வயதிலேயே நீக்கிவிட்டால், பதினேழு வயதில் அவன் என்னவாகியிருப்பான் என்பது எவர்க்கும் தெரியாமற் போகும்.

இவ்வாறு சேரும் குறிப்பேடுகள் மாணவனுக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளின் அளவுகளைத் தொகுத்தால், அங்குள்ள சிறுவரின் உச்ச வளர்ச்சி எந்த வகுப்பில் நிகழ்கிறது என்பது எண்ணிக்கையாகவே வெளிப்படும். உணவுத் திட்டத்தின் எல்லையை எங்கே வகுப்பது என்று அரசு மீண்டும் ஆராயும் நாளில், அதிகாரிகளின் முன் வைக்கத்தக்க வலிய ஆதாரம் அத்தகைய ஏடுகளே ஆகும். அவற்றை எழுதத் தொடங்குவதற்கு எவருடைய ஆணையும் வேண்டுவதில்லை.